லிட்டரைப் பார்த்து ஓவன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு பேர். 30 லிட்டர் ஓவன் தாராளமாகப் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். அதில் உண்மையில் எவ்வளவு உணவு வைக்க முடியும்?

பதில்: லிட்டர் கணக்கு, உள்ளே இருக்கும் காலி இடத்தை மட்டுமே சொல்கிறது. உள் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். தண்ணீர்க் குடம் என்றால் அது போதும். ஓவனில் வேக வைப்பது சூடான காற்று. அது பாத்திரத்தைச் சுற்றிவர வழி வேண்டும்.

உள்ளே 34 செ.மீ. அகலம், 31 ஆழம், 28 உயரம் இருக்கும் ஓவனை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் ஏறக்குறைய 30 லிட்டர். நான்கு பக்கமும் இரண்டரை செ.மீ. இடைவெளி விட்டால் மிஞ்சுவது 29-க்கு 26. ஆகவே 23 செ.மீ. வட்ட கேக் டின் சௌகரியமாக உட்காரும், 26 செ.மீ. டின் முன்னும் பின்னும் மிச்சமில்லாமல் போகும். மேலும் கீழும் வெப்பக் கம்பிகள் ஓடுவதால் உயரத்திலும் சில சென்டிமீட்டர் கழிந்துவிடும். மிச்சம் இருப்பது ஒரே ஒரு அடுக்குக்கான இடம். விரலளவு இடைவெளி விட்டுக் காய்கறித் துண்டுகளைப் பரப்பினால் அந்தத் தட்டில் முக்கால் கிலோ பிடிக்கும். ஆறு பேருக்குப் பக்க உணவாக அது போதும். அதுவே முழுச் சாப்பாடு என்றால் இரண்டு முறை வைக்க வேண்டியிருக்கும்.

அதே 30 லிட்டர் வேறு வடிவிலும் வரும் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. 40 செ.மீ. அகலம், 30 ஆழம், 25 உயரம் என்றாலும் 30 லிட்டர்தான். முதல் ஓவனில் 15 செ.மீ. டின்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் முறையாக வைக்க முடியாது, இதில் முடியும். ஆனால் ஒரு முழுக் கோழியை வைத்தால், உயரம் குறைந்த இந்த ஓவனில் அதன் முதுகு மேல் கம்பிக்கு நெருக்கமாகப் போய், உள்ளே வேகுமுன் தோல் கருகிவிடும். பிஸ்கட், தட்டையான ரொட்டி, காய்கறி செய்பவர்களுக்கு அகலமும் ஆழமும் முக்கியம். உயரமாக எழும்பும் ரொட்டி, முழுக் கோழி என்றால் உயரம். உங்கள் வீட்டில் அடிக்கடி செய்வது எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். லிட்டரைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: ஒரே நேரத்தில் இரண்டு தட்டு பிஸ்கட் வைத்தேன். கீழ்த்தட்டின் அடி கருகியது, மேல்தட்டின் அடி வெளுத்திருந்தது. ஓவனில் பழுதா?

பதில்: பழுது இல்லை. கீழ்க்கம்பியின் வெப்பம் முழுவதையும் கீழ்த்தட்டு வாங்கிக்கொண்டு, மேலே இருப்பதற்குக் கூரை போல மறைத்துவிட்டது. மேல்தட்டு அதே வேலையை எதிர்ப்பக்கமாகச் செய்கிறது. மின்விசிறி இல்லாத ஓவனில், சுவரிலிருந்து சுவர் வரை அடைக்கும் தட்டு ஒன்று இருந்தாலே ஓவன் இரண்டு அறைகளாகிவிடும். கம்பித் தட்டின் மேல் அலுமினியத் தாளை முழுதாக விரிப்பதும் இதே கெடுதலைச் செய்யும்.

சூடான காற்றைச் சுழற்றிவிடும் கன்வெக்ஷன் விசிறி உள்ள ஓவனில் இரண்டு அடுக்கு வைக்கலாம். அப்போதும் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆனதும் தட்டுகளை மேல் கீழாக மாற்றி, முன்பக்கம் பின்னால் போகும்படி திருப்பி வையுங்கள். விசிறி இல்லையென்றால் ஒவ்வொரு தட்டாக வைப்பதே என் ஆலோசனை. முதல் தட்டு வேகும்போது இரண்டாவதைத் தயார் செய்துகொள்ளலாம்.

கேள்வி: காய்கறிகளை எவ்வளவு நேரம் வைத்தாலும் முறுகுவதே இல்லை. தண்ணீர் விட்டு வெந்த மாதிரி ஆகின்றன. வெப்பத்தை இன்னும் கூட்டட்டுமா?

பதில்: வெப்பத்தைக் கூட்டுமுன் தட்டில் இருப்பதைக் குறையுங்கள். காயின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஓவனை 220-ல் வைத்தாலும் அப்படித்தான். பொன்னிறம் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். அந்த ஈரம் ஆவியாவதும் லேசான காரியம் அல்ல. ஒரு கிலோ தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 314 கிலோஜூல் போதும். கொதிநிலையில் இருக்கும் அதே தண்ணீரை முழுதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல், அதாவது ஏழு மடங்குக்கும் மேல். காய்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால், கீழே உள்ளவற்றின் ஆவி மேலே உள்ளவற்றை நனைத்துக்கொண்டே இருக்கும். தட்டின் அடி துண்டுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

வேறொன்றும் உண்டு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு கிலோ உணவை உள்ளே தள்ளினால் ஓவனின் சூடு சட்டென்று இறங்கிவிடும். சிறிய ஓவன் அதிலிருந்து மீள அதிக நேரம் எடுக்கும். ஆகவே அளவை இரட்டித்தால் சமையல் குறிப்பில் சொன்ன நேரத்தை நம்பாதீர்கள். கோழி போன்றவற்றில் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டதா என்று வெப்பமானியால் குத்திப் பார்ப்பதே பாதுகாப்பு.

கேள்வி: கன்வெக்ஷன் மைக்ரோவேவ் வாங்கியிருக்கிறேன். 28-க்கு 20 செ.மீ. செவ்வகப் பாத்திரம் உள்ளே போகிறது, ஆனால் சுழலும்போது இடித்து நின்றுவிடுகிறது.

பதில்: சுழலும் பாத்திரத்துக்கு மூலைக்கு மூலை அளவுதான் கணக்கு. உங்கள் பாத்திரத்துக்கு அது 34 செ.மீ.க்கும் அதிகம், கைப்பிடி இருந்தால் இன்னும் கூடும். வட்டப் பாத்திரத்துக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் பெரியதாகவே வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததா? 65 லிட்டர் ஓவன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

பதில்: உள்ளே 46 செ.மீ. அகலம், 40 ஆழம், 35 உயரம் உள்ள ஓவனை 65 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. டின்கள் இரண்டை அருகருகே வைத்து, இரு சுவர்ப் பக்கமும் நடுவிலும் இரண்டரை செ.மீ. விட்டால் 47.5 செ.மீ. தேவை. இவ்வளவு பெரிய ஓவனிலும் இடம் போதவில்லை! ஒன்றை முன் இடது மூலையிலும் மற்றதைப் பின் வலது மூலையிலும் குறுக்காக வைத்தால் தாராளமாகப் பிடிக்கும்.

வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு கேக் செய்பவர் இதை வாங்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அத்தனை இடத்தையும் சூடாக்கக் காத்திருக்க வேண்டும், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். 20 செ.மீ. டினிலிருந்து 23 செ.மீ. டினுக்குப் போனாலே பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. சிலருக்கு அந்த மாற்றமே போதும்.

கடைக்குப் போகும்போது அளவு நாடாவும் உங்கள் பெரிய டினும் கையில் இருக்கட்டும். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வெளி அளவு. அதை விட்டுவிட்டு உள்ளே அளந்து பாருங்கள். டினைக் கைப்பிடியோடு கம்பித் தட்டில் வைத்துக் கதவை மூடிக் காட்டச் சொல்லுங்கள். கதவு மூடியும் கண்ணாடியில் டின் உரசினால் அந்த ஓவன் உங்களுக்குச் சிறியது, மேலே எத்தனை லிட்டர் என்று எழுதியிருந்தாலும்.