வெங்கச்சாங்கல்லும் கைக்கோடரியும் – கடிதம்

வணக்கம்.

கரூர் பக்கம் எங்கள் ஊர். சின்ன வயதில் ஆடு மேய்க்கும்போது இரண்டு வெங்கச்சாங்கல்லை எடுத்து, இருட்டில் ஒன்றோடொன்று உரசி, உள்ளே மின்னும் வெளிச்சத்தைப் பார்த்து விளையாடியவன் நான். கற்கருவிகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும், அதே கல்லில் ஒரு கைக்கோடரி, அதாவது பிடியில்லாமல் கையிலேயே பிடித்து வெட்டும் கற்காலக் கருவி, செய்து பார்க்க ஆசை வந்தது. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் வெங்காயத் தோல் உரிப்பதுபோல் கல்லைச் சில்லுசில்லாகப் பெயர்க்கிறார். எனக்கோ மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தும் கிடைத்தது கற்கண்டுத் தூள்தான். சூடாக்கினால் கல் பக்குவப்படும் என்று எங்கோ படித்து விறகடுப்பில் போட்டேன். பட்டாசு மாதிரி வெடித்தது. சென்னைக்குப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவனுக்குக் கைவந்தது எனக்கு ஏன் வரவில்லை? கோளாறு கல்லிலா, கையிலா?

ஆற்றோரம் கிடந்த ஒரு கல்லின் படத்தையும் இணைத்திருக்கிறேன். பழைய கருவியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மு.

*

அன்புள்ள மு.,

முதலில் அடுப்பு விஷயம். இனிமேல் அந்தக் கல்லை நெருப்பில் போடாதீர்கள். கண் போயிருக்கும். வெங்கச்சாங்கல் பால்போல வெளுத்திருப்பதற்குக் காரணமே, கல் உருவானபோது உள்ளே சிக்கிக்கொண்ட, கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள்தான். சூடேறினால் அந்த நீர் சும்மா இருக்காது. நீங்கள் படித்தது பொய்யல்ல, ஆனால் அது வேறு கற்களைப் பற்றியது. சிக்கிமுக்கி, அதன் உறவுக்கல்லான செர்ட் போன்றவற்றை மணலுக்குள் புதைத்து, மெதுவாகச் சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டால் சில்லு இன்னும் சுலபமாகப் பெயரும். தென்னாப்பிரிக்காவில் பினக்கிள் பாயின்ட் குகைவாசிகள் 70,000 ஆண்டுகளுக்கு முன்பே சில்கிரீட் என்ற கல்லை இப்படிப் பக்குவப்படுத்தியிருக்கிறார்கள். குஜராத்தில் கம்பாத் ஊர் மணித் தொழிலாளர்களும் அகேட் கல்லைச் சூடாக்கித்தான் வேலை செய்கிறார்கள். வெங்கச்சாங்கல்லுக்கு அந்த வைத்தியம் கிடையாது.

அடுத்தது அத்திரம்பாக்கம். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. அங்கே கைக்கோடரி செய்த கல் குவார்ட்சைட். உங்கள் கையில் இருப்பது குவார்ட்ஸ். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், குணம் வேறு. குவார்ட்சைட் என்பது மணற்கல் இறுகி, மணல் மணியோடு மணி ஒட்டி, ஒரே உடம்பாகிவிட்ட கல். 1863 மே மாதம் பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றிலிருந்து புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கருவியும் அந்தக் கல்தான். அதை உடைக்க நல்ல கனமான சுத்திக்கல்லும் தோள் வலுவும் வேண்டும். ஆனால் விரிசல் ஓட ஆரம்பித்தால் மணிகளை ஊடறுத்துக்கொண்டு ஒரே போக்கில் போகும். முரட்டுக் கல், நம்பகமான கல். ஆகவே அத்திரம்பாக்கத்து ஆளோடு உங்களை ஒப்பிட்டுக்கொண்டு வருந்த வேண்டாம், அவர் எழுதியது வேறு பரீட்சை.

உங்கள் கல் ஏன் தூளாகிறது? ஜன்னல் கண்ணாடியில் சைக்கிள் பால்ஸ் குண்டு ஒன்று வேகமாகப் பட்டால், மறுபக்கம் கூம்பு வடிவில் ஒரு துண்டு விழுமே, பார்த்திருப்பீர்கள். கற்கருவி வேலை முழுவதும் அந்தக் கூம்பை வைத்துத்தான். கல்லின் விளிம்பில், செங்கோணத்துக்குக் குறைவான கோணமுள்ள இடத்தில் தட்டினால் பாதிக் கூம்பு சில்லாகக் கழன்று வரும். யூடியூப்காரர் உரித்தது அதைத்தான். இதற்குக் கல் உள்ளே சீராக இருக்க வேண்டும். எரிமலைக் கண்ணாடியும் நல்ல சிக்கிமுக்கியும் அப்படிப்பட்டவை. வெங்கச்சாங்கல்லோ பெரிய பெரிய படிகங்கள் ஆளுக்கொரு திசை பார்த்து நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். போதாததற்குப் பழைய விரிசல்கள் வேறு. நீங்கள் கொடுத்த அடி உள்ளே போனதும் வழியில் எந்த விரிசல் கிடைக்கிறதோ அதில் நுழைந்துகொள்கிறது. விளிம்பு நொறுங்கும், கல் பாதியில் முறியும், கையில் கற்கண்டு மிஞ்சும். வேதிப்பொருள் என்று பார்த்தால் சிக்கிமுக்கியும் இதுவும் ஒரே சிலிக்காதான். ஒரே மாவில் சுட்ட தோசையும் பணியாரமும் மாதிரி.

சரி, என்ன செய்வது? கைக்கோடரியை விட்டுவிடுங்கள். குவார்ட்ஸில் கைக்கோடரி உலகத்தில் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், உண்டு. நான் நான்கு வருடமாக முயன்று ஒன்றுகூட முழுதாகத் தேறவில்லை. அந்த நான்கு வருடமும் நான் செய்த தப்பு, சிக்கிமுக்கியிடம் கேட்க வேண்டியதை வெங்கச்சாங்கல்லிடம் கேட்டதுதான். இந்தக் கல்லை மட்டுமே வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் அப்படிக் கேட்கவில்லை. தட்டும் முறையை மாற்றினார்கள், செய்யும் பொருளையும் மாற்றினார்கள்.

முறை இதுதான். கோழி முட்டை அளவில் கல் பொறுக்குங்கள். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்ப்பதுபோல் இன்னொரு கல்லால் லேசாகத் தட்டிக் கேளுங்கள். ணங்கென்றால் வைத்துக்கொள்ளலாம். டப்பென்றால் உள்ளே விரிசல், தூக்கிப் போடுங்கள். (பத்தில் ஏழு டப்தான்.) உடைந்த அம்மித் துண்டு ஒன்றைத் தரையில் அசையாமல் பதித்து, அதன்மேல் கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். விரலால் பிடிக்காதீர்கள். பழைய சைக்கிள் டியூபைக் கல்லின் இடுப்பில் சுற்றி, அதன் வாலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது சுத்திக்கல்லால் உச்சியில் நேராக ஒரு போடு. மேலிருந்து அடி, கீழிருந்து அம்மியின் எதிரடி, இரண்டுக்கும் நடுவில் கல் ஆரஞ்சுச் சுளைபோல நீளவாக்கில் பிளக்கும். எல்லாத் தடவையும் இல்லை. போன வாரம் 40 கல் உடைத்ததில் உருப்படியான சுளைகள் வந்தது 11 கல்லில். தொல்லியலில் இதை இருமுனை முறை என்பார்கள். கோணம் பார்க்க வேண்டியதில்லை, விளிம்பைத் தேய்த்துத் தயார் செய்ய வேண்டியதில்லை என்பதால் நுணுக்கம் இல்லாத முறை என்று பேராசிரியர்கள் வெகுகாலம் இளக்காரமாகப் பார்த்தார்கள். அவர்கள் கையில் ஒரு கூடை வெங்கச்சாங்கல்லைக் கொடுத்திருக்க வேண்டும்.

பெய்ஜிங் அருகே ஜோகோதியன் குகையில் கிடைத்த கருவிகளில் பெரும்பகுதி குவார்ட்ஸ்தான், அதில் ஏராளமானவை இருமுனை முறையில் உடைத்தவை. 1929இல் அங்கே பீக்கிங் மனிதன் என்ற ஆதிமனிதனின் முதல் மண்டையோட்டைக் கண்டெடுத்த பெய் வென்ஜோங், அந்த வெள்ளைத் துண்டுகள் தானாக உடைந்தவையல்ல, மனிதன் உடைத்தவை என்று நிறுவ வேண்டியிருந்தது. 1931இல் பிரான்சிலிருந்து வந்து பார்த்த தொல்லியல் அறிஞர் அபே புருயில் ஆமோதித்தார். வெங்கச்சாங்கல் கருவியின் தலையெழுத்து அது. செய்வதும் கஷ்டம், செய்தது என்று நம்ப வைப்பதும் கஷ்டம்.

நமக்குப் பக்கத்து உதாரணம் இலங்கையில், களுத்துறை மாவட்டத்து ஃபாஹியன் குகை. சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி அங்கே இருந்தவர்கள் மழைக்காட்டில் குரங்கையும் அணிலையும் பிடித்துத் தின்றிருக்கிறார்கள். அவர்களுடைய நுண்கருவிகள் பெரும்பாலும் குவார்ட்ஸ், விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. நம் தூத்துக்குடி, நெல்லைத் தேரிகளின் செம்மணலிலும் குவார்ட்ஸ், செர்ட் நுண்கருவிகள் கிடைக்கின்றன. தொல்லியலாளர்கள் ஸாய்னரும் ஆல்ச்சினும் அவற்றைப் பற்றி 1956இல் எழுதினார்கள். சின்னதாகச் செய்தால், பெரிய கல்லில் உங்களைக் கவிழ்க்கும் விரிசல்கள் அவ்வளவாகக் குறுக்கே வராது. ஒரு துண்டு போனால் இன்னொன்று.

நான் அப்படி மூன்று சுளைகளை எடுத்து, ஒரு வேப்பங்குச்சியில் பள்ளம் கீறி, குங்கிலியமும் தேன்மெழுகும் கொஞ்சம் கரித்தூளும் சேர்த்து உருக்கி ஒட்டினேன். அதைக்கொண்டு நாட்டுக்கோழித் தொடையைத் தோலோடு அறுத்தேன். தோல் வழுக்கவில்லை, தசைநார் ஒரே இழுப்பில் வந்தது. கூர் மழுங்கவும் இல்லை. உடைக்கும்போது அவ்வளவு அழிச்சாட்டியம் செய்கிற கல், வேலை என்று வந்தால் சொன்னபடி கேட்கிறது. வீட்டில்தான், கோழியில் கல் இருக்கிறது என்று யாரும் சாப்பிடவில்லை.

அப்புறம், தூசி. விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் தங்கிவிடும், திரும்பி வராது. இங்கிலாந்தின் பிராண்டன் ஊரில் துப்பாக்கிக்குச் சிக்கிமுக்கி செதுக்கிய பலருடைய உயிரை எடுத்தது அதுதான். கம்பாத்திலும் அதே நோய். திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு நல்ல முகக்கவசம், தொடைமேல் தடித்த தோல். குழந்தைகள் வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம். கீழே சாக்கு விரித்து, சில்லுகளை ஒன்றுவிடாமல் அள்ளி, உள்ளே இந்த வருடத்துக் காசு ஒன்றைப் போட்டுப் புதையுங்கள். 500 வருடம் கழித்துத் தோண்டுகிறவர் கரூரில் புதிதாக ஒரு கற்காலத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாது.

உங்கள் படம். மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது. ஆற்றில் உருண்டு அடிபட்ட கல்லுக்கும் சில்லு பெயரும். ஆனால் இடதுபக்க விளிம்பில் மூன்று தழும்புகள் ஒரே திசையில் வரிசையாக இருப்பது கொஞ்சம் உறுத்துகிறது. கல்லை எடுத்துவிட்டீர்களா, அங்கேயே இருக்கிறதா? இருந்தால் இருக்கட்டும். இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டு, மாவட்டத் தொல்லியல் அலுவலரிடம் சொல்லுங்கள். எனக்கு இன்னும் இரண்டு படம் வேண்டும். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து, காலை வெயில் சாய்வாக விழும்போது, விளிம்புக்கு நேராக ஒன்று, அடிப்பக்கம் ஒன்று.

அன்புடன்.