அதே பெயர், வேறு சரக்கு: பழைய கேம்களை மறுபடி வாங்கும்போது

கேள்வி: கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’, ‘மோஸ்ட் வான்டட்’, ‘வைஸ் சிட்டி’ எல்லாம் ஆடியவன் நான். இப்போது வயது நாற்பது. புதிதாக லேப்டாப் வாங்கியிருக்கிறேன். அவற்றை முறையாக விலைக்கு வாங்கி மறுபடி ஆட ஆசை. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் கூட உட்காருவாள். எதை வாங்கலாம், எதை விடலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-ஐ யோசிக்காமல் வாங்குங்கள். 1999-இல் வந்த, ஊர் கட்டிப் படை திரட்டும் கேம். 2019-இல் ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ என்று புதுப்பித்தபோது படங்களைப் புதிதாக வரைந்தார்கள், ஆட்டத்தின் உயிரைக் கெடுக்கவில்லை. மூன்று கிராமத்து ஆட்கள், ஒரு குதிரைவீரன், சுற்றிலும் இருட்டாகக் கிடக்கும் வரைபடம், எங்கோ மேயும் ஆடுகள். தொடக்கம் நீங்கள் பார்த்த மாதிரியேதான் இருக்கும். எதிரி வந்ததும் மணி அடித்தால் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவதும் அப்படியே. கூடுதலாக ஒரு வசதி: தீர்ந்துபோன வயல் தானே மறுபடி விதைத்துக்கொள்ளும். மறுபடி விதைக்க ஆட்டத்தில் வரும் மில்லில் முன்கூட்டிச் சொல்லிவைக்க மறந்து, சண்டை உச்சத்தில் இருக்கும்போது சாப்பாடு தீர்ந்து தோற்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

உங்கள் மகளுக்காக இன்னொன்று சொல்லவேண்டும். 2022 ஏப்ரலில் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற கூடுதல் தொகுப்பு வந்தது. அதில் திராவிடர்கள் தனி அணி. ராஜேந்திர சோழனுக்கு ஒரு போர்த்தொடரே இருக்கிறது. சுருள்வாள் சுழற்றும் உருமி வீரர்கள், திரிசடை என்ற பெரிய கப்பல் எல்லாம் உண்டு. ஆளைச் சொடுக்கினால் தமிழில் பதில் வருகிறது! எங்கள் வீட்டில் முதல் நாள் அந்த அணியைத் திறந்தபோது ஆட்டத்தையே மறந்துவிட்டோம். மரம் வெட்டுபவன், மீன் பிடிப்பவன், வேலி போடுபவன் என்று ஒவ்வொருவராகச் சொடுக்கிப் பேசவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தோம். பிரவுசிங் சென்டரில் வேறு ஏதேதோ மொழியில் முனகியவர்கள் இவர்கள். நம் மொழியில் பேசுவதைக் கேட்க இருபது வருடம் ஆயிற்று.

ஆனால் முதல் நாளே இதற்குக் காசு கட்டவேண்டாம். கடைப் பக்கத்தில் கூடுதல் தொகுப்புகள் வரிசையாக நிற்கும், எல்லாமே அவசியம் போலத் தோன்றும். அடிப்படைப் பதிப்பை மட்டும் தள்ளுபடியில் வாங்கி ஒரு மாதம் ஆடுங்கள், பிடித்தால் அப்புறம் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் உயர்தரப் படத் தொகுப்பு பெரிய 4கே திரைகளுக்கானது. சாதாரண லேப்டாப்பில் இடத்தைத்தான் அடைக்கும், விட்டுவிடுங்கள்.

அடுத்து ‘நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்’. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் ஆடியது 2005-இல் வந்தது: ஒவ்வொருவராகத் தோற்கடிக்கவேண்டிய பதினைந்து பேர் கொண்ட பிளாக்லிஸ்ட், நீலமும் வெள்ளியுமான அந்த பிஎம்டபிள்யூ. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் அதே பெயரில் இருப்பது 2012-இல் வேறொரு குழு செய்த வேறு கேம். கதை வேறு, ஊர் வேறு, ஓட்டும் விதமே வேறு. அது மோசமில்லை, ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. 2005 கேம் இணையக் கடைகளில் விற்பனைக்கு இல்லை. கார் கம்பெனிகளின் பெயர், வடிவம், பின்னணிப் பாட்டு என்று எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும், அது காலாவதியானால் கேமும் கடையை விட்டுப் போகும். இதே வரிசையின் ‘கார்பன்’, ‘அண்டர்கவர்’ உள்ளிட்ட ஐந்து கேம்களை 2021 மே மாதத்தோடு விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கார் கேம் பிடித்திருந்தால் கடையில் இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வையும் மகளுக்குக் காட்ட நினைத்தால் அங்கேயும் இதே கதை. அந்தப் பெயரை மட்டும் தட்டினால் 2008-இல் வந்த முப்பரிமாண கேம் வந்து நிற்கும். நம் இளவரசன் 1989-க்காரன். அறுபது நிமிடத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் அந்த அசைவுகளை வரைந்தார். இன்றைக்குக்கூட கவனித்துப் பாருங்கள்: ஓடும்போது விரலை எடுத்தால் அவன் சட்டென்று நிற்பதில்லை, ஓரடி சறுக்கித்தான் நிற்பான். பள்ளத்து ஓரத்தில் அந்த ஓரடிதான் உயிர். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அடிமேல் அடி வைத்து முள்ளுக்கு நடுவே நகர்வதை மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கேம்கள் பலவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பிரவுசரிலேயே ஆடிப்பார்க்கலாம்.

‘வைஸ் சிட்டி’ பெரியவர்களுக்கானது, மகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். நீங்கள் தனியாக ஆடுவதானாலும் ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். 2021 நவம்பரில் இதையும் சேர்த்து இதே வரிசையின் மூன்று கேம்களோடு வந்த புதுப்பதிப்பில் அவ்வளவு கோளாறுகள் இருந்தன, தயாரிப்பாளர்களே மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு நிறையச் சரிசெய்தார்கள், 2024-இல் பழைய வெளிச்ச அமைப்பையும் கொண்டுவந்தார்கள். ஆனால் கார் ரேடியோவில் வந்த சில பாட்டுகள், மைக்கேல் ஜாக்சனுடையவை உட்பட, இல்லை. இரவில் கடற்கரைச் சாலையில் அந்தப் பாட்டோடு ஓட்டியதுதான் உங்கள் நினைவு என்றால், காசு கொடுத்தும் அது கிடைக்காது.

எதை வாங்கினாலும் முதல் அரை மணி நேரத்திலேயே சோதித்துவிடுங்கள்: ஓடுகிறதா, திரையில் எழுத்து படிக்க முடிகிறதா, சத்தம் வருகிறதா? ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். செட்டிங்ஸில் செலவழியும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கேம் கடையில் 30 நாள் அவகாசம்.

கேள்வி: ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’. ஒரு கடையில் ‘எச்டி எடிஷன்’, இன்னொன்றில் ‘கம்ப்ளீட்’. எது நல்லது?

பதில்: ‘கம்ப்ளீட்’. எச்டி என்ற பெயரைப் பார்த்து மயங்கவேண்டாம். 2015-இல் வந்த அந்த எச்டி பதிப்பில் 1999-இன் முதல் கேம் மட்டுமே உண்டு. பின்னால் வந்த இரண்டு விரிவாக்கங்களின் மூலநிரல் கிடைக்காததால் அவற்றைச் சேர்க்கவில்லை. தானாகவே புதுப்புது வரைபடம் உருவாக்கித் தரும் வசதியும் அதனால் இல்லாமல் போயிற்று. ஜிஓஜியில் உள்ள ‘கம்ப்ளீட்’டில் எல்லாம் இருக்கிறது. அதன் இன்ஸ்டாலரை டவுன்லோடு செய்து தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும்.

கேள்வி: அசல் சிடிக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை. வெளியே மாட்டும் டிரைவ் வாங்கலாமா?

பதில்: கேமுக்காக மட்டும் என்றால் வேண்டாம். தெரிந்தவர் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி முதலில் போட்டுப் பாருங்கள். பலவும் ஓடாமல் போகலாம். அந்தக் காலத்தில் நகலெடுப்பதைத் தடுக்க சிடியில் ‘சேஃப்டிஸ்க்’ என்ற பூட்டு வைத்தார்கள். அது பாதுகாப்புக்கு ஓட்டை என்பதால் விண்டோஸ் 10-இலிருந்தே மைக்ரோசாஃப்ட் அதை ஏற்பதில்லை. தொண்ணூறுகளின் பல கேம்களுக்கு இன்ஸ்டாலர் பழைய 16 பிட் முறையில் எழுதியது, இன்றைய 64 பிட் விண்டோஸில் அது திறக்கவே திறக்காது. டாஸ் கேம் சிடி என்றால் கவலையில்லை, டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடும்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் ‘ரோலர்கோஸ்டர் டைகூன் 2’ இருக்கிறதா பாருங்கள். ‘ஓப்பன்ஆர்சிடி2’ என்ற இலவச நிரலுக்கு அந்த சிடியில் உள்ள கோப்புகள் போதும், இன்றைய கணினியில் அருமையாக ஓடும்.

கேள்வி: ஐநூறு பழைய கேம்கள் நிரப்பிய பென்டிரைவ் ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பூட்டை உடைத்த கேம்களில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதே லேப்டாப்பில்தானே வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள்?

காசே செலவழிக்க விருப்பமில்லை என்றால் நேர்மையாகவே இலவசமாகக் கிடைப்பவை இருக்கின்றன. ‘ஸ்டார்கிராஃப்ட்’ 2017-இலிருந்து இலவசம். ‘டிரான்ஸ்போர்ட் டைகூன்’ பிடித்தவர்களுக்கு ‘ஓப்பன்டிடிடி’ இருக்கிறது, அதன் சொந்தத் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு ஊருக்கு நடுவே ஒரே ஒரு பஸ் விட்டு ஆரம்பியுங்கள். ரயிலுக்கு அவசரப்படவேண்டாம், சிக்னல் வைக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.