வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன, அடுத்த வாரம் நாய்க்குட்டி வருகிறது. சண்டை வராமல் எப்படிப் பழக்குவது, எத்தனை நாள் ஆகும்?

எங்கள் வீட்டிலும் இதே நிலைமைதான் இருந்தது. ஒரு பூனை மூன்று வாரத்தில் பழகிவிட்டது. இன்னொன்றுக்கு நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் பாதி, முதல் நாள் நாங்கள் செய்த தவறால் வந்தது. அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

எங்களுக்குக் கோவில்பட்டி. பழைய வீடு, ஒரு ஹால், அடுப்படி, பின்பக்கம் ஒரு சின்ன அறை. தங்கம் என்று ஆறு வயதுச் செவலைக் கடுவன், கருப்பி என்று இரண்டு வயதுப் பெண் பூனை. சாத்தூர்ப் பக்கம் இருக்கும் சித்தப்பா கன்னி இனத்து 55 நாள் நாய்க்குட்டி ஒன்றைக் கொடுத்தார். வீரா என்று பெயர் வைத்தோம். அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து ஹால் நடுவில் இறக்கிவிட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்றார்கள். தங்கத்தைப் பார்த்ததும் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அதன் மேலேயே போய் விழுந்தது. தங்கம் முடியெல்லாம் சிலிர்த்துச் சீறி, குட்டியின் மூக்கில் ஓர் அறை விட்டுப் பரணில் ஏறியது. இரண்டு நாள் சரியாக இறங்கவே இல்லை. "கோபம் தீர்ந்தால் தானா வரும்" என்று அம்மா சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மூன்றாம் நாள் ராத்திரி இறங்கி வந்து மணல் தட்டில் உட்கார்ந்தது. எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீர் வழி அடைத்திருந்தது, டியூப் போட்டுத்தான் எடுத்தார். ஆண் பூனைக்கு அந்த வழி மிகவும் குறுகலானது. பயமும் பதற்றமும் கூடினால் சிலவற்றுக்குச் சிறுநீர்ப்பை அழன்று வீங்கி அடைத்துக்கொள்ளும். ஓரிரு நாள் அப்படியே விட்டால் உயிர் போய்விடும் என்று அன்றுதான் தெரிந்தது. உங்கள் பூனை கடுவனாக இருந்து, தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால், தயவுசெய்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதேபோல, பெண்ணோ ஆணோ, பூனை முழுதாக ஒரு நாள் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரைக் கேளுங்கள். பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரல் கெட்டுப்போகும், கொழுத்த பூனைக்கு அது இன்னும் சீக்கிரம் வரும்.

தங்கம் திரும்பி வந்த பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். குட்டியைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். மீதி வீடு முழுக்கப் பூனைகளுக்கு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், குட்டி ஹாலில் விளையாடட்டும் என்று பூனையை அறைக்குள் பூட்டுகிறார்கள். வீடு அதுவரை பூனையுடையது. வந்தவன்தான் காத்திருக்க வேண்டும்.

பூனைக்குக் கண்ணைவிட மூக்குதான் முதலில். அதன் கன்னத்தில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. கதவிலும் நம் காலிலும் வந்து உரசுவது "இது என்னுடையது" என்று அடையாளம் வைக்கத்தான். ஒரு பழைய துண்டால் இரண்டு பூனைகளின் கன்னத்தையும் தேய்த்துக் குட்டியின் படுக்கையில் போட்டேன். குட்டி படுத்த துணியைப் பூனைகள் சாப்பிடும் இடத்துக்கு நாலடி தள்ளி வைத்தேன். தங்கம் அந்தத் துணியைப் பார்த்தே சீறியது. சரி என்று இன்னும் தள்ளி வைத்து, சோற்றில் கூடுதலாக நெத்திலி போட்டேன். தினம் ஒரு சாண் பக்கத்தில் நகர்த்தினேன். கருப்பி ஐந்தாம் நாளே அந்தத் துணி மேல் படுத்துத் தூங்கியது. தங்கத்துக்கு அது இரண்டு வாரம் ஆனது. அப்புறம் மூடிய கதவின் அந்தப் பக்கம் குட்டிக்குத் தட்டு, இந்தப் பக்கம் பூனைகளுக்குத் தட்டு. அந்த வாசம் வந்தால் நல்ல சாப்பாடும் வரும் என்று மனதில் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

நேரில் காட்டும்போது குட்டி கயிற்றில் இருக்க வேண்டும், பூனை அவிழ்ந்தே இருக்க வேண்டும். பூனையை மடியில் பிடித்து வைத்து "பாரு, பாரு" என்று காட்டவே கூடாது. ஓட வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் பூனை நின்று பார்க்கும். பின்வாசலில் குட்டியை நன்றாக விளையாடவிட்டு, களைத்த பிறகு ஹாலுக்குக் கொண்டுவந்து காலடியில் உட்கார வைப்பேன். ஐந்து நிமிடம், காலையும் மாலையும். பூனையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. பூனையையே முறைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தால் சத்தம் போடாமல் அறைக்குக் கூட்டிப் போய்விடுவேன்.

நான் மிகவும் கண்டிப்பாக இருந்த விஷயம் துரத்தல். விளையாட்டுக்குக்கூட ஒரு தடவையும் விடாதீர்கள். துரத்தும்போது கிடைக்கிற சந்தோஷம் நாய்க்குப் பெரிய பரிசு, அதற்கு மேல் கோழித் துண்டு எடுபடாது. கன்னியும் சிப்பிப்பாறையும் முயலை ஓடிப் பிடிக்க வளர்த்த இனங்கள். எது ஓடினாலும் கால் தானாகக் கிளம்பிவிடும். வீரா வீட்டுக்குள் இருந்த முதல் இரண்டு மாதமும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கழுத்துப்பட்டியில் ஒரு சின்னக் கயிறு தொங்கிக்கொண்டே இருந்தது. கிளம்பப் பார்த்தால் காலால் மிதித்தால் போதும்.

இரண்டுக்கும் பாஷை வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் உற்சாகம். பூனை வாலை இப்படியும் அப்படியும் வீசி அடித்தால் எரிச்சல். விளையாடக் கூப்பிடும் குட்டி முன்னங்காலைத் தூக்கும், அது பூனைக்கு அடிக்க ஓங்கின கையாகத் தெரியும். பூனை ஓர் அறை விட்டால் குட்டி கற்றுக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான், ஆனால் சின்னக் குட்டிக்குக் கண்ணை நோக்கி வருவதைப் பார்த்துச் சட்டென்று இமையை மூடத் தெரியாது. நகம் கருவிழியில் பட்டால் கண்ணே போகலாம். குட்டி வருவதற்கு முன்பே பூனைகளின் நக நுனியை வெட்டிவிடுங்கள். உள்ளே ரோஸ் நிறத்தில் தெரிகிற பகுதியைத் தொடாமல், முனையை மட்டும்.

பூனைக்கு உயரம் வேண்டும். பரண், பீரோ போதாமல் ஹால் சுவரில் இரண்டு பலகை அடித்தோம். தங்கம் கீழே இறங்காமலேயே அடுப்படியிலிருந்து ஜன்னல்வரை போய்விடும். மணல் தட்டு குட்டிக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். குட்டிகள் பூனை மலத்தைத் தின்னும். அதைவிட, தட்டில் இருக்கும்போது பூனை ஒரு தடவை விரட்டப்பட்டால் அப்புறம் அந்தப் பக்கமே போகாமல் கட்டிலுக்கு அடியில் போக ஆரம்பிக்கும். மணல் தட்டு இருக்கும் இடத்தின் கதவைப் பூனை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து கொக்கி மாட்டி வைத்தோம். சாப்பாட்டுத் தட்டும் மேலேதான். நாய்த் தீனி பூனைக்குப் போதாது, அதற்கு டாரின் சத்து மீன், கறியிலிருந்து வர வேண்டும்.

தடுப்பூசி விஷயத்தில் முதலில் பூனைகளின் ஊசியைச் சரிபாருங்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் 1978இல் கண்டறியப்பட்டது. அது பூனைகளுக்கு வரும் பான்லூகோபீனியா வைரஸின் நெருங்கிய சொந்தம், இப்போது பரவும் வகைகள் பூனைக்கும் தொற்றக்கூடியவை. குட்டிக்குக் குடல்புழு மருந்தும் முதல் ஊசியும் முடியாமல் பூனைகளோடு ஒன்றாக விடவேண்டாம். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி. பூனைகளுக்கும் அது கட்டாயம் போடுங்கள்.

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். நாய்க்கு உண்ணி மருந்து வாங்கும்போது, வீட்டில் பூனை இருக்கிறது என்று சொல்லி வாங்குங்கள். பெர்மெத்ரின் கலந்த மருந்துகள் நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு விஷம். பூனையின் ஈரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, சாகவும் கூடும். பூனை மேல் ஊற்ற வேண்டும் என்பதுகூட இல்லை, மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலோ அதை நக்கினாலோ போதும். நாய்களைக் குளிப்பாட்டும் அமிட்ராஸ் மருந்தும் பூனைக்கு ஆகாது. கடையில் கேட்டு வாங்காமல் மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள்.

இப்போது வீராவுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. கருப்பி அவன் வயிற்றில் சாய்ந்து தூங்குகிறது. தங்கம் அப்படியெல்லாம் இல்லை. ஒரே ஹாலில் இருக்கும், அவன் பக்கமாக நடந்து போகும், மூக்கை நீட்டினால் ஒரு தரம் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். எங்களுக்கு அதுவே நிறைவாக இருக்கிறது. ஆனாலும் எல்லோரும் வெளியே போகிற நாட்களில் இன்றும் வீராவைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கிளம்புகிறோம்.