விக்டோரியா காலத்துத் தொழில் நகரங்கள் அவ்வளவு வேகமாகப் பெருகியது எப்படி?

பிறப்பு கூடியதால்தான் இங்கிலாந்தின் நகரங்கள் பெருத்தனவா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாதிக் காரணம்தான். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகை 1851இல் சுமார் 1.8 கோடி, 1901இல் 3.25 கோடி. ஆனால் பல நகரங்களை நிரப்பியவர்கள் பிழைப்பு தேடி வந்தவர்கள்.

வடகிழக்கு இங்கிலாந்தில் இருக்கும் மிடில்ஸ்பரோவைப் பாருங்கள். 1801இல் அங்கே வெறும் 25 பேர். 1830இல் நிலக்கரியைக் கப்பலேற்ற ரயில் பாதை வந்தது. 1850இல் பக்கத்து எஸ்டன் குன்றுகளில் இரும்புத் தாது கிடைத்தது. அப்புறம் வரிசையாக இரும்பு உருக்கும் உலைகள். 1901இல் 90,000 பேருக்கு மேல்!

வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? இதுதான் மனதைப் பிசைகிறது. மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற ஊர்களில் பல தொழிலாளர் வீடுகளுக்கு மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கதவும் ஜன்னலும் முன்பக்கம் மட்டும். முற்றத்துக் கழிப்பறை பல குடும்பங்களுக்குப் பொது. 1842இல் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் தந்த அறிக்கையின்படி, மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறப்பவர்களின் சராசரி வயது 17. கிராமப்புறமான ரட்லண்டில் 38. எல்லோரும் பதினேழிலேயே இறந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஐந்து வயதைத் தாண்டாமல் போன பிள்ளைகள் அத்தனை பேர்.