கோவையில் பிறந்து கிராண்ட்ஸ்லாம் டென்னிஸ் ஆடிய பெண் யாராவது உண்டா?

உண்டுங்க. நிருபமா வைத்தியநாதன். 1976-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சானியா மிர்சாவின் பெயர் தெரிந்த அளவுக்கு இவரை நம் ஊரிலேயே பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளைத்தான் கிராண்ட்ஸ்லாம் என்பார்கள். அவற்றில் ஒன்றான ஆஸ்திரேலிய ஓப்பனில், 1998-இல், இத்தாலியின் குளோரியா பிட்சிசினியை முதல் சுற்றில் வென்றார். ஓப்பன் காலத்தில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிறகு, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான ஆட்டத்தில் ஒரு சுற்றை வென்ற முதல் இந்தியப் பெண் இவர்தான். ஒரே ஒரு சுற்றுதானே என்று நினைக்காதீர்கள். உலகம் முழுவதிலும் இருந்து 128 பேருக்குத்தான் அந்தப் பிரதான ஆட்டத்தில் இடம். தரவரிசை எட்டாதவர்கள் பெரும்பாலும் தகுதிச் சுற்றில் தொடர்ந்து ஜெயித்தால்தான் உள்ளேயே போக முடியும். அந்தத் தரவரிசைக்காக வாரம் ஒரு நாடு என்று சின்னச் சின்னப் போட்டிகளாக ஆடிப் புள்ளி சேர்க்க வேண்டும். விமானம், தங்கும் இடம், மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி எல்லாம் பெரும்பாலும் கைக்காசு. முதல் சுற்றில் தோற்றால் கிடைக்கும் பரிசுப் பணம் டிக்கெட்டுக்கே காணாது.

காலையில் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்ட செம்மண் தரையில் பழகும் பிள்ளைகளை இங்கே பார்த்திருப்பீர்கள். பந்து அதில் மெதுவாக எழும். ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கும் மெல்போர்னின் கடினத் தரையில் அதே பந்து சீறிக்கொண்டு வரும். காலடியையே மாற்ற வேண்டும்.

அதே 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் வெண்கலம். அப்புறம் ஓய்வு, குடும்பம், அமெரிக்காவில் பயிற்சியாளர் வேலை. 2010-இல், தாயான பிறகு, மறுபடியும் மட்டையைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார். எனக்கு மெல்போர்ன் வெற்றியைவிட அதுதான் பெரிது.