'எக்ஸ்ரே நார்மல்' என்கிறார்கள், முட்டி மட்டும் நழுவுகிறது!

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்
இந்த இதழில்: முழங்காலும் கணைக்காலும்

எனக்கு 22 வயது. கபடியில் ரெய்டு போய்த் திரும்பும்போது இடது முட்டிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டது. ஒரு மணி நேரத்தில் நன்றாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரம் ஆகிறது. நேராக நடக்க முடிகிறது. சட்டென்று திரும்பினால் முட்டி நழுவுகிறது. அடுத்த மாதம் போட்டி இருக்கிறது, இறங்கலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

இறங்காதீர்கள். சத்தம், உடனடி வீக்கம், திரும்பும்போது நழுவல் மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏ.சி.எல். என்கிற முன் குறுக்குத் தசைநாரைத்தான். தொடை எலும்புக்கு அடியிலிருந்து கணைக்கால் எலும்பு முன்னால் சறுக்காமலும், அளவுக்கு மேல் திருகிக்கொள்ளாமலும் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பும்போது அது அறுகிறது. கணுக்காலை ஒருவர் பிடித்திருக்க, நடுக்கோட்டை நோக்கி உடம்பை முறுக்கும் ரெய்டருக்கு நடப்பது இதுவேதான்.

வீக்கம் எப்போது வந்தது என்பது முக்கியம். தசைநார் அறுந்தால் உள்ளே ரத்தம் கசியும். அதனால் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே முட்டி புடைத்துவிடும். மெனிஸ்கஸ் என்ற பிறை வடிவக் குருத்தெலும்பு மட்டும் கிழிந்தால் வீக்கம் பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். எக்ஸ்ரேயில் இவை இரண்டுமே தெரியாது. அது எலும்பைத்தான் காட்டும். 'நார்மல்' என்றால் எலும்பு நார்மல், அவ்வளவே.

எலும்பு மூட்டு மருத்துவர் முட்டியை 20 – 30 டிகிரி மடக்கிவைத்து, கணைக்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். மற்ற காலைவிட அதிகமாக நகர்ந்து, இறுதியில் 'டக்' என்ற பிடிப்பும் இல்லாமல் போனால் விஷயம் ஏறக்குறைய உறுதி. மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்திருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும்.

அதுவரை எண்ணெய் போட்டு நீவிவிடுவது, சுளுக்கு எடுப்பது எதுவும் வேண்டாம். குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைக் கீழே தொங்கவிட்டு 10 நிமிடம் படுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அதே நிலையில் தொடைத் தசையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடுங்கள், 15 முறை. முட்டி முழுதாக நீள வேண்டும் என்பதுதான் முதல் இலக்கு. விறைத்த முட்டியோடு அவசரமாக அறுவைசிகிச்சைக்குப் போனால் பின்னாலும் விறைப்பு நீங்காமல் போகலாம். ஒரே ஒரு விலக்கு: முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு நீளவே மறுத்தால், கிழிந்த மெனிஸ்கஸ் இடையில் சிக்கியிருக்கும். அப்போது தாமதிக்கக் கூடாது.

ஏ.சி.எல். அறுந்த எல்லோருக்கும் அறுவைசிகிச்சை தேவையில்லை. நேர்நடை, சைக்கிள், அலுவலக வேலை என்று இருப்பவர் பலர் தொடைத் தசைகளைப் பலப்படுத்தியே சமாளிக்கிறார்கள். கபடியைத் தொடர விரும்புகிறவருக்கு அது பெரும்பாலும் போதாது. நழுவும் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸ் நசுங்குகிறது. அதன் வெளிவிளிம்புக்குத்தான் நல்ல ரத்த ஓட்டம் உண்டு, உள்பக்கம் கிழிந்தால் தானாக ஒட்டாது.

அறுவைசிகிச்சை என்றால் தொடையின் பின்பக்கத் தசைநாணையோ (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு), முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள நாணின் ஒரு பட்டையையோ எடுத்துப் புது நாராகப் பொருத்துவார்கள். ஒட்டவைத்த நார் முதல் சில மாதங்களில் பலம் குறைந்துதான் இருக்கும். வலி போய்விட்டதே என்று ஆறாம் மாதம் களத்தில் இறங்குபவர்கள்தான் மறுபடி கிழித்துக்கொண்டு வருகிறார்கள். குறைந்தது 9 மாதம் ஆக வேண்டும். அதோடு தொடைத் தசையின் பலம் மற்ற காலின் 90 சதவிகிதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். நாள்கணக்கு மட்டும் போதாது.

என் மகனுக்கு 13 வயது, வாலிபால் ஆடுகிறான். முட்டிக்குக் கீழே எலும்பு மேடு தட்டியிருக்கிறது. தொட்டால் வலிக்கிறது என்கிறான். கட்டியாக இருக்குமோ?
– வாசகி, சிவகாசி

முட்டிச்சில்லிலிருந்து இறங்கும் நாண் கணைக்கால் எலும்பில் ஒட்டும் இடம் அது. வளரும் வயதில் அங்கே எலும்பு முழுதாக இறுகியிருக்காது. குதித்துக் குதித்து ஆடும்போது தொடைத் தசை அதை இழுத்துக்கொண்டே இருப்பதால் வலியும் மேடும் வருகின்றன. வளர்ச்சி முடியும்போது வலி போய்விடும். மேடு மட்டும் சிலருக்கு நிலைத்துவிடும்.

ஆட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஆடும்போது லேசான வலி, மறுநாள் காலையில் இல்லை என்றால் ஆடலாம். நொண்டுகிறான் என்றால் குதிப்பதை நிறுத்தி, பயிற்சி நாள்களைக் குறையுங்கள். ஆடியபின் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வையுங்கள்.

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம் இருந்தால் உடனே எக்ஸ்ரே எடுங்கள். இன்னொன்றும் பலர் தவறவிடுவது: இந்த வயதில் முட்டி வலி என்று நொண்டி வரும் பிள்ளைக்குக் கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். முட்டியில் தொட்டு வலிக்கும் இடமே கிடைக்கவில்லை என்றால் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க தினமும் தார் ரோட்டில் ஓடுகிறேன். ஒரு மாதமாகக் கணைக்காலின் உள்பக்கம் வலி. ஓடி ஓடியே சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள்.
– வாசகர், விருத்தாசலம்

நண்பர்கள் பேச்சைக் கேட்பதற்கு முன் கட்டைவிரலால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரல் அகலத்துக்கு வலி பரவியிருந்தால் அது எலும்பு உறையும் தசை ஒட்டும் இடமும் சோர்ந்துபோன நிலை. ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தால், அதிலும் படுக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் அதுவும் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

பரவலான வலி என்றால் இரண்டு வாரம் ஓட்டத்தை விட்டு சைக்கிள், நீச்சல் செய்யுங்கள். படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள்: முட்டியை நீட்டி 15, லேசாக மடக்கி 15, மூன்று சுற்று. மடக்கிச் செய்வதை விட்டுவிடாதீர்கள், ஓட்டத்தில் அதிகம் உழைக்கிற உள்கெண்டைத் தசைக்கு வேலை கொடுப்பது அதுதான். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், மண் தரையில், ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று தொடங்குங்கள். தேய்ந்த கேன்வாஸ் ஷூவைத் தூக்கிப் போடுங்கள்.

புள்ளி வலி என்றால் ஓடவே கூடாது. ஆற ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். எலும்பின் முன்விளிம்பில் விரிசல் என்றால் இன்னும் அதிகம், அது முழு முறிவாகவும் மாறக்கூடியது. இந்தத் தேர்வு போனால் அடுத்தது வரும். தயாராகும் பெண்களுக்கு: சாப்பாட்டைக் குறைத்து ஓடி, மாதவிலக்கும் தள்ளிப்போயிருந்தால், எலும்பு பலம் இழக்கிறது என்று பொருள். டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஷட்டில் ஆடும்போது பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. கெண்டைக்கால் வலிக்கிறது. நடக்க முடிகிறது. வயது 44.
– வாசகர், ஈரோடு

கெண்டைத் தசைக் கிழிசலா, குதிகால் நாண் அறுந்ததா என்பதுதான் கேள்வி. குப்புறப் படுத்து, பாதங்களைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். வேறொருவர் கெண்டைத் தசையைப் பிழியட்டும். நல்ல காலில் பாதம், நுனிக்காலில் நிற்பதுபோல் நீண்டு அசையும். அடிபட்ட காலில் அசையவில்லை என்றால் நாண் அறுந்திருக்கும். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நடக்க முடிகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், பாதத்தை அழுத்த வேறு தசைகளும் உண்டு. சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவை நாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை.

அடியே படாமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். நீவவே கூடாது, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

எலும்பு முறிந்தால் கட்டு இறுக்கமாக இருந்தால்தான் சேரும் என்று எங்கள் ஊரில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள். சரியா?
– வாசகி, அரியலூர்

தவறு, ஆபத்தும்கூட. கணைக்காலில் தசைகள் நான்கு அறைகளாக, நீளாத உறைக்குள் அடைந்திருக்கின்றன. முறிவில் ரத்தம் கசிந்து வீங்கும்போது வெளியே கட்டும் இறுகினால், உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். சுமார் ஆறு மணி நேரம் அப்படியே போனால் தசை செத்துப்போகலாம். கட்டு முட்டிக்கு வெளிப்பக்கம் அழுத்தினால் அங்கே தோலுக்கு அடியில் ஓடும் நரம்பு நசுங்கி, பாதத்தைத் தூக்கவே முடியாமல் போவதும் உண்டு.

மாவுக்கட்டு போட்டவருக்கும் இது வரலாம். மாத்திரை போட்டும் வலி கூடிக்கொண்டே போவது, கால்விரலை மற்றவர் மெல்ல மடக்கி நீட்டினாலே அலறுவது, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மரத்துப்போவது ஆகியவை அறிகுறிகள். விரல்கள் சூடாக இருக்கின்றன, நாடி கிடைக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள்; நாடி கடைசியில்தான் நிற்கும். துணிக்கட்டு என்றால் தோல் தெரியும்வரை முழுதாகப் பிரியுங்கள். மாவுக்கட்டு என்றால் போட்ட இடத்துக்கு உடனே போய் வெட்டச் சொல்லுங்கள். காலை உயரத் தூக்காமல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, 108-க்கு அழையுங்கள்.