வாசகர் சட்டக் கேள்விகள்: கிணற்றுக் குழியில் பானை, வயலில் எல்லைக்கல்

கேள்வி: எங்கள் காணியில் கிணறு வெட்டும்போது ஆறடி ஆழத்தில் ஒரு பெரிய பானையும் ஓடுகளும் பச்சை பிடித்த இரண்டு காசுகளும் வந்தன. அறிவித்தால் காணியே போய்விடும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வேலையை நிறுத்தியது சரி. வன்னி மண்ணைத் தோண்டினால் பானைக்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. துருப்பிடித்த இரும்பு ஏதும் தெரிந்தால் அதைத் தொடாமல் விலகிப் பொலிசுக்குச் சொல்லுங்கள், வெடிபொருளாக இருக்கலாம். மனித எலும்பு தெரிந்தாலும் பொலிஸ்தான், அங்கிருந்து நீதவான். ‘பழங்காலத்து எலும்பு’ என்று நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய இடம்தான் மனிதப் புதைகுழியாக வெளிப்பட்டது.

இரண்டும் இல்லையென்றால் பானையைத் தூக்காதீர்கள். ஈர மண்ணுக்குள் கிடந்த சட்டி மெதுமையாக இருக்கும். விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் அடி கழன்றுவிடும். வெயிலில் வைத்தால் உள்ளே ஊறிய உப்பு பூத்து மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். நனைத்த சாக்கால் மூடி, மேலே படங்கு கட்டி நிழல் கொடுங்கள். ஓட்டின் உட்புறமும் விளிம்பும் கறுப்பாக, வெளிப்புறம் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது பெருங்கற்கால வகையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும், அந்தக் குழியின் ஒவ்வொரு பிடி மண்ணும் பெறுமதியானது. பெக்கோ இயந்திரம் அள்ளிப் போட்ட மண்ணையும் தனியாகக் குவித்து வையுங்கள்.

காசைப் புளி போட்டுத் தேய்ப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. பச்சைப் படலத்தோடு எழுத்தும் உருவமும் கரைந்து போய்விடும், மிஞ்சுவது வெறும் செப்புத் தகடு. மண்ணோடேயே கடதாசியில் சுற்றி வையுங்கள்.

இனிச் சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்டதாகக் கருதத்தக்க பொருள் தொல்பொருள். அது கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன கண்டிய ஒப்பந்த நாள். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதோ அதற்கு முன்பே, 1803இல். வன்னிக்கு அந்த நாளில் என்ன விசேடம் என்று கேட்டால் ஒன்றுமில்லை, ஆனாலும் கோடு அங்கேதான் விழுகிறது. நிலத்துக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குரியது, உங்கள் உறுதிக் காணியில் கிடந்தாலும். காணி அதனால் தானாக அரசுக்குப் போய்விடாது. கிணறு வெட்டியது குற்றமில்லை. ‘இன்னும் ஏதும் இருக்கா’ என்று அனுமதிப்பத்திரமின்றி அகழ்வதுதான் குற்றம். 1998 திருத்தத்துக்குப் பின் இது லேசான வழக்கு அல்ல.

கிராம அலுவலருக்கு வாயால் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். மாவட்டச் செயலாளருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் அன்றே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கண்ட திகதி, காணியின் உறுதி இலக்கம், நிலமட்டத்திலிருந்து ஆழம், மண்ணின் நிறம் ஆகியவற்றோடு, பக்கத்தில் அடிமட்டம் வைத்தெடுத்த படங்களையும் சேருங்கள். ஒரு படமாவது கிணறும் வீடும் சேர்ந்து தெரியும்படி தூரத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ‘மறைத்து வைத்தார்’ என்று நாளைக்கு யாரும் சொன்னால் உங்களிடம் இருக்கும் பதில் அதுதான்.

கேள்வி: எங்கள் வயலுக்குள் தொல்பொருள் எல்லைக்கல் போட்டிருக்கிறார்கள். இனி விதைக்கலாமா?
— வாசகர், தண்ணிமுறிப்பு

பதில்: கல்லை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்த இடத்தை அறிவித்த வர்த்தமானியையும் (அரசிதழ்) அதில் குறித்த நில அளவைப் படத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் பக்கத்துக் குருந்தூர்மலைத் தொல்பொருள் இடம் 1933இல் வர்த்தமானியில் வந்தபோது ஏறத்தாழ 78 ஏக்கர். அங்கே காணிப் பிணக்கு பெருத்தது அதற்கு வெளியே உள்ள காணிகளைப் பற்றித்தான்.

அடுத்து, உங்கள் கையிலிருக்கும் பத்திரம் எது? தொல்பொருள் ஒதுக்கிடமாக அரச காணியை மட்டுமே அறிவிக்கலாம். தனியார் உறுதிக் காணியில் செய்யக்கூடியது, அங்குள்ள சின்னத்தைப் ‘பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்’ என அறிவிப்பது. அதற்கு ஆட்சேபனை தெரிவிக்க இடமுண்டு. வன்னியில் பலரிடம் இருப்பது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப் பெமிட் (அனுமதிப்பத்திரம்). மூன்று தலைமுறை விதைத்திருந்தாலும் பெமிட் காணி ஏட்டில் அரச காணியே. நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் இது. பெமிட்காரர் பிரதேச செயலகத்தில் தம் கோவைப் பிரதியை இப்போதே எடுத்து வைக்க வேண்டும்.

வர்த்தமானி இலக்கத்தையும் நில அளவைப் படத்தின் பிரதியையும் கேட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொல்பொருள் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். படம் கிடைத்ததும் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு உங்கள் வரைபடத்தின்மேல் பொருத்திப் பாருங்கள். கல்லைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் காணிப் பிரச்சினை குற்ற வழக்காக மாறும், நீங்கள் முறைப்பாட்டுக்காரரிலிருந்து சந்தேகநபராவீர்கள்.

கேள்வி: அப்புவின் வைத்திய ஏடுகளைக் கனடாவிலுள்ள தம்பிக்குக் கொடுத்துவிடலாமா?
— வாசகி, நெடுங்கேணி

பதில்: உங்கள் சொந்த ஏடானாலும் அனுமதியில்லாமல் முடியாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துக்கள் சட்டம் கையெழுத்துச் சுவடிகளையும் கட்டுப்படுத்துகிறது. தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் ஏற்றுமதி அனுமதி இல்லாவிட்டால் விமான நிலையச் சுங்கத்திலேயே மறித்துவிடுவார்கள். தம்பிக்கு வேண்டியது வாசகமென்றால், ஒவ்வொரு ஏட்டின் இருபுறத்தையும் ஏட்டிலக்கம் தெரியப் படமெடுத்து அனுப்புங்கள். நூலகம் நிறுவனம் சுவடிகளை எண்ணிமமாக்கும் வேலை செய்கிறது, கேட்டுப் பாருங்கள். ஏட்டைப் பொலித்தீன் பையில் அடைக்காதீர்கள்; வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணி போதும்.

கேள்வி: எங்கள் ஊர்க் காத்தவராயன் கூத்துப் பாட்டுகளை ஒரு நிறுவனம் கேட்காமல் பதிவு செய்து விற்கிறது. தடுக்கலாமா?
— வாசகர், முள்ளியவளை

பதில்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டாரியல் வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. வணிகத்துக்காகவோ, மரபுச் சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்த உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி கொடுப்பது அந்த அதிகாரி, ஊரவர் அல்ல. இந்தப் பிரிவின் குறை அது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் புதிதாகக் கட்டிய பாட்டுகளுக்கு வேறு கணக்கு: அவர் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும் பதிப்புரிமை அவருக்கும் வாரிசுகளுக்கும் உரியது. ஆகவே கூத்துக் கொப்பியில் பழைய பாட்டு எது, அவர் கட்டியது எது என்று பிரித்து, திகதி போட்டு, அண்ணாவியாரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.